சுவிஸ் அரசு பொருள் வாங்கிய கதை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதிக் கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு விசித்திரமான ஏலம் நடந்துவந்தது. அதில் கேள்வி ஏறாது, இறங்கிக்கொண்டே போகும். ஏலத்தில் நிறுத்தப்பட்டவர்கள் பிள்ளைகள். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளையும் வறுமையால் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் காப்பாற்றும் பொறுப்பு அந்தந்த ஊராட்சிக்கு இருந்தது. அந்தச் செலவைச் சுருக்க ஊராட்சிகள் கண்ட வழிதான் இது. பிள்ளையை வளர்க்க ஊர்ப் பணத்திலிருந்து ஆகக் குறைந்த தொகை கேட்கும் குடியானவர் எவரோ, அவர் வீட்டுக்குப் பிள்ளை போகும். குறைத்துக் கேட்டதை அவர் பிள்ளையின் உழைப்பிலிருந்து ஈடுகட்டிக்கொண்டார். எரெமியாஸ் கோட்ஹெல்ஃப் 1837-இல் எழுதிய முதல் நாவல் இப்படி விடப்பட்ட ஒரு பையனின் கதைதான். ஏலம் ஒழிந்த பிறகும் பிள்ளைகளைப் பண்ணைகளுக்கு அனுப்பும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. 2013 ஏப்ரல் 11 அன்று கூட்டரசின் சார்பில் அமைச்சர் சிமொனெட்டா சொம்மாருகா மன்னிப்புக் கேட்டார். 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டு உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 25,000 பிராங்க் வழங்கப்பட்டது.

அரசுக் கொள்முதலின் வரலாற்றை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே கொடு என்ற விதி, கேள்வி கேட்பாரும் கணக்குப் பார்ப்பாரும் இல்லாத இடத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று கிடையாது. இன்று சுவிஸ் கூட்டரசு, கன்டோன்கள் எனப்படும் 26 மாநிலங்கள், 2,100-க்கு மேற்பட்ட ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி பிராங்குக்குப் பொருளும் பணியும் வாங்குகின்றன. பென்சிலிலிருந்து சுரங்கப்பாதை வரை அதில் அடக்கம். இந்தப் பணத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று அந்த நாடு கற்றுக்கொண்ட விதம், ஒன்றன்பின் ஒன்றாக வந்த நஷ்டங்களின் கதை.

முதல் பெரிய பாடம் கோத்தார்ட் மலைக்குள் கிடைத்தது. ஆல்ப்ஸைக் குடைந்து 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் அமைக்க 1872-இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. கோரியது தனியார் ரயில் நிறுவனம்தான், ஆனால் அதன் பின்னால் இருந்தது மூன்று நாடுகளின் வரிப்பணம். இத்தாலி 4.5 கோடி, ஜெர்மனி 2 கோடி, சுவிட்சர்லாந்து 2 கோடி பிராங்க் என்று மானியம் பேசப்பட்டிருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவ்ரே, இத்தாலியப் போட்டியாளரைவிடச் சுமார் 1.25 கோடி பிராங்க் குறைத்துக் கேட்டார். காலமும் எட்டே ஆண்டுகள் போதும் என்றார். 1872 ஆகஸ்ட் 7 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் விதிகளை இன்றைக்குப் படித்தாலும் மூச்சு முட்டும். ஃபாவ்ரே 80 லட்சம் பிராங்க் பிணைத்தொகை கட்ட வேண்டும். வேலை ஒருநாள் பிந்தினால் 5,000 பிராங்க் அபராதம், ஆறு மாதம் பிந்திவிட்டால் நாளுக்கு 10,000. மலைக்குள் எந்தப் பாறை இருக்கிறது, எங்கே தண்ணீர் பீறிடும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மை முழுவதையும் ஒரே மனிதரின் தோளில் ஏற்றிவிட்டு, விலை குறைந்ததென்று நிறுவனம் நிம்மதியடைந்தது. பாரம் அவரோடு நிற்கவில்லை, சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்கள் மேல் இறங்கியது. காற்றோட்டமில்லை, வெப்பம் தாங்கவில்லை, கூலி போதவில்லை என்று 1875 ஜூலையில் கோஷெனன் ஊரில் இத்தாலியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரமாகத் திரட்டப்பட்ட காவல் படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். விபத்திலும் மற்ற வகையிலும் மொத்தம் ஏறக்குறைய 200 உயிர்கள் அந்தச் சுரங்கத்தில் போயின. ஃபாவ்ரேயும் தப்பவில்லை. 1879 ஜூலை 19 அன்று சுரங்கத்துக்குள் பார்வையிடச் சென்றவர் அங்கேயே சரிந்து இறந்தார், 53 வயது. 1880 பிப்ரவரி இறுதியில் வடக்கும் தெற்கும் இணைந்தபோது, துளை வழியே முதலில் அனுப்பப்பட்டது தகரப் பெட்டியில் வைத்த அவர் புகைப்படம். பிணைத்தொகையை ரயில் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இதற்கிடையே 1876-இல் முழுப் பாதைத் திட்டமும் பத்துக் கோடி பிராங்குக்கு மேல் பற்றாக்குறையில் விழுந்திருப்பது தெரியவந்து, அதன் தலைவர் ஆல்ஃபிரட் எஷர் 1878-இல் பதவி விலகியிருந்தார். ஃபாவ்ரேயின் விலையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் எந்த மூலைக்கும் காணவில்லை.

இந்தக் காலத்தில் மத்தியக் கொள்முதல் என்ற எண்ணமே சுவிட்சர்லாந்தில் வலுப்பெறவில்லை. 1848-இல் பிறந்த கூட்டரசு கன்டோன்களின் அனுமதியோடு வளர்ந்த பிள்ளை. ராணுவம் கூட்டரசுடையது, ஆனால் வீரனின் சீருடையையும் சாமான்களையும் வாங்குவது கன்டோனின் வேலை, செலவைக் கூட்டரசு திருப்பித் தரும் என்று 1874 அரசமைப்புச் சட்டமே எழுதிவைத்தது. ஒரே துணியை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்தந்த ஊர்த் தையற்காரருக்கும் தோல் வேலைக்காரருக்கும் பிழைப்பு கிடைக்க வேண்டும் என்பது மலிவைவிட முக்கியமாகப் பட்டது. இந்த உரிமையின் மிச்சம் 1999 அரசமைப்பிலும் இடம்பெற்று, 2008-இல்தான் நீங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அந்த ஏற்பாட்டை வெறும் வீண்செலவு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ராணுவத்தின் பெரிய சாமான்கள் விஷயம் வேறு. 1961-இல் நாடாளுமன்றம் 100 மிராஜ் போர் விமானங்கள் வாங்க 87.1 கோடி பிராங்க் ஒதுக்கியது. பிரான்ஸில் பறந்துகொண்டிருந்த விமானம்தான். அப்படியே வாங்கியிருந்தால் கணக்கு பெரிதும் பிசகியிருக்காது. ராணுவ வல்லுநர்களோ அதன் உள்ளுறுப்புகளை மாற்ற விரும்பினார்கள். பிரெஞ்சு ரேடாருக்குப் பதில் அமெரிக்க ரேடார், அதற்குப் பொருந்தும் அமெரிக்க ஏவுகணை, சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கு விமானத்தளங்களுக்கேற்ற திருத்தங்கள் என்று பட்டியல் நீண்டது. 1964-இல் அரசு மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வந்து இன்னும் 57.6 கோடி பிராங்க் கேட்டது. நாடு கொதித்தது. காசு கூடியதைவிட, 1961-இல் சொன்ன கணக்கே நம்பிக்கையூட்டுவதற்காக மெருகேற்றப்பட்டது என்பதுதான் மக்களைக் காயப்படுத்தியது.

செங்காலன் கன்டோன் உறுப்பினர் குர்ட் ஃபுர்க்லர் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. விமானங்கள் 100-இலிருந்து 57 ஆகக் குறைக்கப்பட்டன. ராணுவத் தலைமை அதிகாரி விலகினார், விமானப்படைத் தலைவர் பதவி இழந்தார், பாதுகாப்பு அமைச்சர் போல் ஷோதே 1966-இல் வெளியேறினார். அதே ஆண்டு, இப்படிப்பட்ட விசாரணைக் குழுக்களை அமைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குச் சட்டமாகவே வந்தது. 1968-இல் ராணுவக் கொள்முதலுக்கெனத் தனிப் பிரிவு உருவாகியது. இன்றைய 'அர்மாசுயிஸ்' அதன் வாரிசு. கூட்டரசின் கட்டட அலுவலகங்களை ஒருங்கிணைக்கும் மாநாட்டுக் குழுவும் அதே 1968-இல் பிறந்தது.

ஆயினும் ஒரு பெரிய ஓட்டை அடைபடவில்லை. ஒப்பந்தம் கிடைக்காத வியாபாரி ஏன் எனக்கில்லை என்று கேட்க வழியே இல்லாதிருந்தது. யாருக்கு வேலை கொடுப்பது என்பது அலுவலகத்தின் உள்விவகாரம், நீதிமன்றத்துக்கு அதில் இடமில்லை என்பதே நிலை. கன்டோன்கள் தத்தம் ஊர்க்காரருக்குச் சலுகை காட்டின. சூரிச் தச்சர் பக்கத்துக் கன்டோனில் வேலை கேட்டால் அந்நியர்தான்.

இதை உடைத்தது வெளியுலகம். ஏற்றுமதியால் வாழும் சுவிட்சர்லாந்துக்குப் பிற நாட்டு அரசுகளிடம் தன் இயந்திரங்களை விற்க வேண்டும். அதற்கு விலை, தன் கதவையும் திறந்துவைப்பது. 1992 டிசம்பர் 6 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர மக்கள் மயிரிழையில் மறுத்துவிட்டார்கள். ஆனாலும் உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கை வழியாக அதே கதவு திறந்தது. 1994 டிசம்பர் 16 அன்று கூட்டரசின் கொள்முதல் சட்டம் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கன்டோன்கள் தங்களுக்குள் தனி உடன்படிக்கை செய்துகொண்டன. குறிப்பிட்ட தொகைக்கு மேல் எல்லாவற்றையும் விளம்பரப்படுத்த வேண்டும், முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும், தோற்றவர் முறையீடு செய்யலாம். சுவிஸ் வரிகொடுப்போருக்கு இந்த மூன்றாவது விதியைப் போல வேறெதுவும் நன்மை செய்யவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அந்த உரிமைக்குச் செலவும் இருந்தது. புதிய 57 கிலோமீட்டர் கோத்தார்ட் அடித்தளச் சுரங்கத்தில் எர்ஸ்ட்ஃபெல்ட் பகுதி வேலை 2005-இல் ஒரு கூட்டு நிறுவனத்துக்குத் தரப்பட்டபோது தோற்ற தரப்பு முறையிட்டது. முடிவு ரத்தாகி, மறுமதிப்பீடு நடந்து, கடைசியில் முதலில் வென்றவருக்கே வேலை போனது. ஓராண்டுக்கு மேல் வீணாயிற்று என்று அன்று பலர் சலித்துக்கொண்டார்கள். சுரங்கம் 2016 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. தாமதம் உண்மைதான், ஆனால் ஏன் அவருக்கு என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருந்தது.

மத்தியப்படுத்தல் இதற்கு இணையாக நடந்தது. பெர்னில் நெடுங்காலமாக அச்சுப்பிரதி மற்றும் சாமான்களுக்கான மத்திய நிலையம் ஒன்று இருந்தது. வரிப் படிவமோ சட்டப் பிரதியோ வேண்டுமென்றால் குடிமக்களும் அலுவலகங்களும் எழுதிப்போட்ட இடம் அது. காகிதம், உறை, மேசை, நாற்காலி எல்லாம் அங்கிருந்தே துறைகளுக்குப் போயின. 1999-இல் இந்த நிலையமும் கூட்டரசின் கட்டட அலுவலகமும் ஒன்றாகி, கட்டட மற்றும் தளவாட அலுவலகம் பிறந்தது. 2006-இல் வந்த விதிகளும் 2012-இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளும் எதை யார் வாங்குவது என்று வரையறுத்தன. ஆயுதமும் ராணுவச் சாமானும் அர்மாசுயிஸ், அலுவலகச் சாமானும் கணினியும் கட்டட மற்றும் தளவாட அலுவலகம், நெடுஞ்சாலை வேலை சாலைகள் அலுவலகம், விமானச் சீட்டு வெளியுறவுத் துறையிலுள்ள பயண மையம். மற்ற துறைகள் தாமாகக் கடைக்குப் போக முடியாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதல்ல. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவச் சேவைகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்தை ஒரே இடத்தில் வாங்கி, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுத்து, அதிலுள்ள தொகைக்கேற்ப மருந்தை எடுக்கவைத்தது. மருத்துவமனைக்குத் தேவை என்னவென்று மருத்துவமனையே முடிவுசெய்தது, விலை பேசுவது மட்டும் கழகத்தின் வேலை. சுவிஸ் ஏற்பாட்டிலும் அதே பிரிப்பு உண்டு.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது என்பதை 2009 காட்டியது. அந்த ஆண்டு கட்டட மற்றும் தளவாட அலுவலகம் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் உரிமங்களை மூன்று ஆண்டுகளுக்கு 4.2 கோடி பிராங்குக்கு டெண்டர் இல்லாமலே நேரடியாக வாங்குவதாக அறிவித்தது. இருக்கும் கணினிகளுக்கு வேறெதுவும் பொருந்தாது என்பது காரணம். திறந்த மூல மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. ஈடான மாற்றுப் பொருளை அவர்களால் காட்ட இயலவில்லை என்றது நீதிமன்றம். ஒரே இடத்தில் ஒரே விற்பனையாளரிடம் பல்லாண்டு வாங்கிய பிறகு மாற்று என்று எதைக் காட்டுவது? பேரம் பேசும் பலம் கைமாறிவிடும் இடம் இதுதான்.

விதியை மீறியவர்கள் கதை இன்னும் கசப்பு. கூட்டரசு வரி நிர்வாகம், மதிப்புக்கூட்டு வரிக்கும் நேரடி வரிக்குமான இரண்டு பழைய கணினி அமைப்புகளை ஒன்றாக்க 'இன்சீம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முறைப்படி டெண்டர் விட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, 2007-இல் அதைக் கைவிட்டது. பிறகு அலுவலகமே வேலையைத் துண்டு துண்டாக்கியது. ஒவ்வொரு துண்டும் டெண்டர் வரம்புக்குக் கீழே நிற்கும், ஆகவே விளம்பரம் வேண்டாம், போட்டியும் வேண்டாம். நிதியமைச்சர் எவெலின் விட்மர்-ஷ்லும்ப்ஃப் 2012 செப்டம்பரில் திட்டத்தை நிறுத்தியபோது 10 கோடி பிராங்குக்கு மேல் செலவாகியிருந்தது. ஓடக்கூடிய அமைப்பு எதுவும் கையில் இல்லை.

வாங்குபவர் ஒழுங்காக இருந்தாலும் விற்பவர்கள் கூடிப் பேசிக்கொண்டால்? திச்சீனோ கன்டோனில் சாலைத் தார் போடும் நிறுவனங்கள் 1999 தொடங்கி 2005 மார்ச் வரை வாரந்தோறும் கூடி, எந்த வேலை யாருக்கு, மற்றவர்கள் எவ்வளவு கூட்டிக் கேட்பது என்று பிரித்துக்கொண்டன. கூட்டு கலைந்ததும் விலை சுமார் 30 சதவீதம் விழுந்தது. புதிய போட்டிச் சட்டத்தின் அபராதப் பிரிவு நடைமுறைக்கு வரும் நாளுக்குள் கலைத்துவிட்டதால் 2007-இல் சட்டமீறல் என்று தீர்ப்பு வந்ததே தவிர அபராதம் ஒரு பிராங்கும் இல்லை. கிரவுபுண்டன் கன்டோனில் கதை வேறு. 2004 முதல் 2010 வரை சுமார் 650 சாலை வேலைகளை, ஏறத்தாழ 19 கோடி பிராங்க் மதிப்புள்ளவற்றை, பங்குபோட்டதாகக் கண்டறிந்து 12 நிறுவனங்களுக்கு 2019-இல் 1.1 கோடி பிராங்க் அபராதம் விதித்தது போட்டி ஆணையம். தார்ச்சாலை வேலை அந்த ஊர்க்காரர்களாலேயே செய்யப்படுவது. கன்டோனுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டிருந்தால் இந்தக் கூட்டு இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது.

'சிமாப்' என்ற இணையத்தளத்தின் அருமை இங்கேதான் விளங்கும். முன்பு கூட்டரசின் விளம்பரம் 1883 முதல் வரும் வர்த்தக அரசிதழில், கன்டோன்களின் விளம்பரம் அவரவர் அரசிதழில். லுகானோவில் வந்த விளம்பரத்தை வின்டர்தூரில் இருப்பவர் பார்க்க வேண்டுமானால் எத்தனை இதழுக்குச் சந்தா கட்டுவது? கூட்டரசும் கன்டோன்களும் ஊராட்சிகளும் ஒரே தளத்தில் விளம்பரமிடும் ஏற்பாடு சிறிது சிறிதாக வளர்ந்தது. இதை மேலிருந்து யாரும் கட்டளையிட்டுச் செய்யவில்லை, எல்லோரும் உறுப்பினராக உள்ள ஒரு சங்கம் நடத்துகிறது. வாங்குவதை மையப்படுத்தாமல் அறிவிப்பதை மட்டும் மையப்படுத்தியது கன்டோன்களின் தன்னாட்சியையும் காத்தது, கூட்டுச் சதியையும் கடினமாக்கியது. 2024 ஜூலையில் இத்தளம் புதிதாக எழுதப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

2021 ஜனவரி 1 அன்று திருத்திய சட்டம் வந்தது. விலையோடு தரம், ஆயுட்காலச் செலவு, சுற்றுச்சூழல் எல்லாம் எடைபோட வேண்டும் என்கிறது அது. வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்த விலை வந்தால், எப்படி முடியும் என்று அலுவலகம் கட்டாயம் கேட்டறிய வேண்டும். ஃபாவ்ரேயிடம் எவரும் கேட்காத கேள்வி அது. இன்னொன்று பலரை வியக்கவைக்கும்: விலையை மட்டும் குறைக்கச் சொல்லி மறுபடி மறுபடி பேரம் பேசுவது அலுவலர்களுக்குத் தடை. பேரம் உண்டென்று தெரிந்தால் எல்லோரும் முதலிலேயே கூட்டிக் கேட்பார்கள் என்பது அனுபவத்தில் கண்டது. வேலை நடக்கும் இடத்தின் கூலி, வேலை நிபந்தனைகளையும் ஆண் பெண் சம ஊதியத்தையும் ஏலதாரர் கடைப்பிடித்தே ஆக வேண்டும். சுவிட்சர்லாந்தில் துப்புரவிலும் சமையற்கூடங்களிலும் முதியோர் இல்லங்களிலும் உழைக்கும் ஈழத்தமிழர்கள் பலர். பள்ளிக்கூடத்தைத் துடைக்கும் ஒப்பந்தம் யாருடைய கூலியை வெட்டி மலிவாகிறது என்பது அவர்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

அவசர காலம் இந்தக் கட்டை எளிதில் அவிழ்த்துவிடும். கொரோனா பரவிய 2020 வசந்தத்தில் ராணுவ மருந்தகம் நாடு முழுமைக்கும் முகக்கவசம் வாங்க நியமிக்கப்பட்டது. மத்தியப்படுத்தல் அதைவிடக் கூடுதலாக இருக்க முடியாது, ஆனால் போட்டி இல்லை, ஒப்பிடும் விலையும் இல்லை. உயர்தரக் கவசம் ஒன்றுக்கு 9.90 பிராங்க் வரை கொடுத்தார்கள்.

2021-இல் வந்த திருத்திய சட்டத்தின் முன்வரைவில் அரசு ஒரு பிரிவைச் சேர்த்திருந்தது: கொள்முதல் ஆவணங்களைத் தகவல் பெறும் சட்டத்திலிருந்து விலக்குவது. நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. 2006 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள அச்சட்டத்தின் கீழ் பத்திரிகையாளரும் சாதாரணக் குடிமக்களும் ஒப்பந்தங்களைக் கேட்டுப் பெறலாம். கூட்டரசில் 50,000 பிராங்கும் அதற்கு மேலும் போன ஒப்பந்தங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்ற விதியும் உண்டு. பொருளையும் பணியையும் கூட்டரசு டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்குவதற்கான வரம்பு 1,50,000 பிராங்க். அந்த வரம்புக்குள் நடப்பதில் பெரும்பகுதி இந்தப் பட்டியல் வழியாகவே வெளியே தெரிகிறது. கூட்டரசைவிட கன்டோன்களும் ஊராட்சிகளும் சேர்ந்து வாங்குவது அதிகம். அவற்றின் சிறு ஒப்பந்தங்களுக்கும் இதேபோன்ற பட்டியல் எல்லா இடத்திலும் வரும்வரை, இன்சீமில் நடந்த துண்டு போடும் தந்திரம் சிறிய ஊர் அலுவலகம் ஒன்றில் நடந்தால் அதைக் கண்டுபிடிக்க உள்ளூர்ப் பத்திரிகையாளரின் பிடிவாதம் ஒன்றே துணை.